பழைய பிக்கப்பில் முதல் மிதிக்கு பிரேக் பெடல் இறங்குகிறது, அடுத்த மிதிக்கு ஏறுகிறது. மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டதா?

20 வருட வண்டி, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், பிரேக் ஆயில் குறையவில்லை, மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் பின் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். அதுவரை தயவுசெய்து லோடு ஏற்ற வேண்டாம்.

இதே அறிகுறிக்கு நான் மாஸ்டர் சிலிண்டரை மாற்றியிருக்கிறேன். புதியதைப் போட்டு, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து (லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றி), வண்டியை நகர்த்தி மிதித்தால் பெடல் பழைய இடத்துக்கே போனது. பின்னால் ஷூவுக்கும் (டிரம்மின் உள்பக்கத்தில் அழுந்திச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த பாகம்) டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடியிருந்ததுதான் கோளாறு. முதல் மிதியில் போகிற ஆயில் ஷூவை டிரம் வரைக்கும் நகர்த்துவதிலேயே தீர்ந்துவிடும். உடனே மறுபடி மிதிக்கும்போது ஷூ முழுசாகத் திரும்பியிருக்காது, அதனால் பெடல் மேலேயே பிடித்துக்கொள்ளும்.

உங்கள் ஹேண்ட் பிரேக் பின் ஷூவையே தள்ளும் வகை என்றால், எதையும் கழற்றாமலே ஒரு சோதனை செய்யலாம். சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, பெடலை ஒரே ஒரு தடவை மிதியுங்கள். பெடல் உயரத்திலேயே நின்றுவிட்டால் பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட்தான். அப்போதும் இறங்கி, காலுக்குப் பஞ்சு போலத் தெரிந்தால் லைனில் ஏர் இருக்கலாம்.

மாஸ்டர் சிலிண்டர் கெட்டால் பெடல் வேறு மாதிரி நடந்துகொள்ளும். இன்ஜின் ஓடும்போது ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் மிதித்துப் பிடித்திருங்கள். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமல் பெடல் மெல்ல மெல்ல நழுவிக் கீழே போனால், உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஆயிலைத் தாண்டவிடுகிறது என்று அர்த்தம். இன்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யும்போது பெடல் கொஞ்சம் இறங்குமே, அது கோளாறு இல்லை. கால் அழுத்தத்துக்குத் துணை செய்யும் பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்.

டிரம்மைக் கழற்றும் முன் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே கை வைக்காதீர்கள். தேய்ந்த டிரம்மின் விளிம்பில் வரம்பு போல ஒன்று எழும்பி, ஷூவில் மாட்டிக்கொண்டு வர மறுக்கும். பின் தட்டில் உள்ள ஓட்டை வழியாக, ஷூக்களை விரித்து வைக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் வந்துவிடும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ கிளப்ப வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்தெடுங்கள்.

அடுத்து, ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் இரண்டு முனையிலும் இருக்கும் ரப்பர் மூடியை லேசாகப் பிரித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் போல மெல்லிய ஈரம் தேங்கியிருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது. ஷூ மேல் கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு பிசுக்கு இருந்தால் அது ஆக்சில் சீலைத் தாண்டி வந்த கியர் ஆயில். எது பட்டிருந்தாலும் அந்த ஷூவைக் கழுவித் திரும்பப் போடாதீர்கள். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

என் வண்டியில் எல்லாம் காய்ந்துதான் இருந்தது. அட்ஜஸ்டரின் பல் சக்கரம் மட்டும் துருவில் இறுகிக் கிடந்தது. அதைத் தானாகச் சுழற்ற வேண்டிய லீவர் தட்டித் தட்டி வழுக்கியதில் நாலைந்து பற்களின் நுனி மழுங்கி, பளபளவென்று தேய்ந்திருந்தது. மறையைப் பிரித்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரேக் கிரீஸ் தடவி, விரலால் சுழற்றினாலே ஓடும் அளவுக்குக் கொண்டுவந்தேன். சக்கரத்தைச் சுற்றினால் ஷூ லேசாக உரசும் சத்தம் கேட்கும் வரை விரித்து, ஒருமுறை பெடலை மிதித்து ஷூவை நடுவில் உட்காரவைத்து, மறுபடி பார்த்தேன். அன்றைக்கே பெடல் மேலே வந்துவிட்டது.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். இடது, வலது அட்ஜஸ்டர்களுக்கு மறை எதிரெதிர்த் திசையில் இருக்கும். மாற்றிப் போட்டால் தானாக இறுகுவதற்குப் பதில் தளர்ந்துகொண்டே போகும்.

பிக்கப் என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் பின் ஆக்சிலிலிருந்து சேசிஸில் இருக்கும் ஒரு வால்வுக்கு ஒரு கம்பி போகும். லோடு ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும் வால்வு அது. யாராவது கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டு வண்டியை உயர்த்தியிருந்தால், லோடு இருக்கும்போதும் அந்த வால்வு காலி வண்டி என்றே எடுத்துக்கொள்ளும். கம்பி துருவில் இறுகாமல் அசைகிறதா, அதன் அட்ஜஸ்ட்மென்ட் சரியா என்று பார்த்துவிடுங்கள்.

ஆயிலின் நிறத்தையும் கவனியுங்கள். டீ டிகாக்‌ஷன் போல இருந்தால் மொத்தமாக மாற்றுங்கள். புது டாட் 3 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு அதற்கான அளவு 140 மட்டுமே. லோடோடு நீண்ட இறக்கத்தில் இறங்கும்போது அந்த வித்தியாசம் பெடலில் தெரியும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை அழுத்த வேண்டாம், அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய சிலிண்டரில் சீல் இதுவரை போகாத பகுதி துருப்பிடித்திருக்கும். அங்கே உரசினால், நன்றாக இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் சீலும் அன்றைக்குக் கிழிந்துவிடும்.