நள்ளிரவில் தப்பு தொய்ந்தால்...

கேள்வி: தோட்டத்துத் திடலில் விடிய விடியப் பாட்டும் தப்பும் (பறை) நடக்கிறது. 12 மணிக்கு மேல் தப்போசை மங்கிவிடுகிறது. நெருப்பில் காய்ச்சினால் தோல் பிய்ந்துகொள்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: பனிதான் காரணம். கன்றுத்தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். காய்ச்சுவது சரிதான், கொழுந்துவிட்டு எரியும் தீயில் காட்டாதீர்கள். தோலைச் சட்டத்தில் பிடித்து நிறுத்துவது புளியங்கொட்டைப் பசை. ஓரம் அதிகம் சூடேறினால் பசை விட்டுப்போகும், நடுத்தோல் கருகி வெடிக்கும். சிரட்டைத் தணலுக்கு மேல் ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சுற்றிக்கொண்டே இருங்கள். இடையிடையே விரலால் சுண்டுங்கள். 'தொப்' போய் 'டங்' வந்ததும் எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் தோலுக்கு இந்தப் பாடு இல்லை, ஆனால் அந்தக் கணீர் வராது. இரண்டு தப்பு இருந்தால் ஒன்று காயும்போது மற்றதை அடிக்கலாம். புல்தரையில் மட்டும் வைக்காதீர்கள்.