கம்பெனியைத் திட்டிப் பதிவு போடும் முன்: கேள்வி பதில்

கேள்வி (அம்மாபேட்டை): ஃபிரிட்ஜ் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது, கூலிங் இல்லை. மெக்கானிக் இரண்டு தடவை வந்து போனார். கால் சென்டரில் கத்தியும் பலனில்லை. ஃபேஸ்புக்கில் கிழித்துவிடலாமா?

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள், மெக்கானிக் கேட்டதும் ஓ.டி.பி. கொடுத்தீர்களா? பல கம்பெனிகளில் அந்த எண்ணைக் கொடுத்ததும் "சரி செய்யப்பட்டது" என்று புகார் மூடப்படும். மூடிய புகாரைப் பற்றி எவ்வளவு கத்தினாலும் கால் சென்டர் திரையில் வேலை முடிந்ததாகவே தெரியும். எடுத்துப் பேசும் பெண்ணுக்கு ஃபிரிட்ஜை மாற்றித்தரும் அதிகாரமும் கிடையாது. இனி கூலிங் வந்ததை நீங்களே பார்த்த பிறகு எண்ணைக் கொடுங்கள். என்ன பழுது, எந்தப் பாகம் மாற்றினார் என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்கி, அதைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்து, பில்லில் அல்லது பெட்டியில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். தலைப்பில் பில் எண், மாடல், சீரியல் எண், புகார் எண். உள்ளே ஐந்தாறு வரி போதும்: "இந்தத் தேதியில் வாங்கினேன். இந்தத் தேதிகளில் மெக்கானிக் வந்தார், ஜாப் ஷீட் இணைத்துள்ளேன். இன்னும் கூலிங் இல்லை. 15 நாளுக்குள் வேறு ஃபிரிட்ஜ் தர வேண்டும்." பலர் எழுதும் கடிதத்தில் கோபம் ஒரு பக்கத்துக்கு இருக்கும், என்ன வேண்டும் என்ற அந்தக் கடைசி வரி மட்டும் இருக்காது. ரிப்பேரா, மாற்றா, பணமா, ஒன்றைக் கேளுங்கள்.

பதிலே வராவிட்டால் தாராளமாகப் பதிவு போடுங்கள். அப்போது உங்கள் பக்கம் தேதியோடு பேசும்.

கேள்வி (ஏற்காடு போக இருந்தவர்): ஆப்பில் காட்டேஜ் புக் செய்து, விதிப்படி ரத்தும் செய்தேன். பணம் திரும்பவில்லை. "திருட்டுக் கும்பல்" என்று ரிவ்யூ எழுதினால் கேஸ் போடுவார்களா?

பதில்: போட முடியும். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறு பற்றியது, கம்பெனிக்கும் அது பொருந்தும். "இந்தத் தேதியில் ரத்து செய்தேன், இவ்வளவு ரூபாய் வர வேண்டும், இன்னும் வரவில்லை" என்பது உங்களால் நிரூபிக்க முடிந்த விஷயம். "திருடன்" என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்? அதற்கு முன் ஆப்பின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்க்க வேண்டும். பணம் வந்துவிட்டால் ரிவ்யூவிலும் அதைச் சேர்த்து எழுதுவதுதான் நியாயம்.

கேள்வி (சூரமங்கலம்): 1915-க்குச் சொன்னால் தீர்ப்பு கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. அது கம்பெனியோடு பேசித் தீர்க்கப் பார்க்கும் உதவி எண், உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனியின் தலைமை அலுவலகம் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருப்பது சேலம் என்பதால் இங்கேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி (ஆத்தூர்): வங்கி மேல் புகார் என்றாலும் இதே வழியா?

பதில்: முதலில் வங்கிக்கே எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம்.

கேள்வி (அஸ்தம்பட்டி): பதிவில் பில்லை அப்படியே போடலாமா?

பதில்: உங்கள் போன் எண், முகவரி, ஆர்டர் எண் மூன்றையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். மெக்கானிக்கின் பெயரும் எண்ணும் வேண்டாம், உங்கள் சண்டை அவரோடு இல்லை. எண் தெரியும்படி பதிவு போட்டால் "கஸ்டமர் கேரிலிருந்து பேசுகிறோம், ரீஃபண்டுக்கு 10 ரூபாய் கட்டுங்கள்" என்று லிங்க் அனுப்புகிறவன் கம்பெனியை முந்திக்கொண்டு கூப்பிடுவான். அப்படிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.