பல் தேய்ப்பதே பெரிய வேலையாகும் நாட்களில்: மனச்சோர்வு பற்றிக் கேள்வி பதில்

வணக்கம். 18 வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். டாக்டர் இல்லை, மாத்திரை எழுதித் தரும் அதிகாரம் எனக்குக் கிடையாது. 2014-இல் ஏழு மாதம் நானே மனச்சோர்வில் கிடந்தேன். அதனால் மேசைக்கு இந்தப் பக்கமும் தெரியும், அந்தப் பக்கமும் தெரியும். ஒரு விஷயம்: எனக்கு அனுப்பிய கேள்விகளில் பலரும் ‘மன அழுத்தம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஸ்ட்ரெஸ். டிப்ரஷனுக்கு நாங்கள் சொல்வது மனச்சோர்வு. பேச்சுவழக்கில் இரண்டும் கலந்துவிட்டன, பரவாயில்லை, நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று புரிகிறது.

திருப்பூர், 34 வயது: அக்கா, காலையில் கண் விழிக்கவே பயமாக இருக்கிறது. அலாரத்தை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பேன். 9 மணிக்கு கம்பெனியில் இருக்க வேண்டும், எழுவதே 10 மணி. சாயங்காலம் கொஞ்சம் தெளிகிறது. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். இது சோம்பலா, நோயா?

சோம்பேறி படுத்திருந்தால் அந்தப் படுக்கையை அனுபவிப்பான் தம்பி. நீங்கள் படுத்துக்கொண்டே உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். காலையில் கனத்து மாலையில் லேசாவது மனச்சோர்வில் அடிக்கடி பார்க்கிற விஷயம்தான். டாக்டரிடம் போகும்போது இதை மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, காலையை எப்படித் தாண்டுவது? மனசு சரியானதும் எழுந்து எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்று காத்திருக்கிறோம். இந்த நோயில் வரிசை தலைகீழ். உடம்பு முதலில் அசைய வேண்டும், மனசு பின்னாலேயே நொண்டிக்கொண்டு வரும். இதையே அடிப்படையாக வைத்து ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களுக்கு, மருத்துவப் படிப்பே இல்லாமல் பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்க்காரர்கள் ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசி இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களுக்கு நன்றாகக் குறைந்தது. 2017-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு அது.

என் கதையைச் சொல்கிறேன். அப்போது என் வீட்டுத் தொட்டியில் மூன்று நாள் பாத்திரம் கிடந்தது. புளிக்குழம்பு காய்ந்து கடாயில் ஒட்டி, மேலே எறும்பு. அதைப் பார்த்தாலே அழுகை வரும். என்னைப் பார்த்துக்கொண்ட ஆலோசகர், “ஒரு டம்ளர் கழுவுங்கள். இரண்டாவதைத் தொடக் கூடாது” என்றார். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பேருக்குப் புத்தி சொன்னவளுக்கு டம்ளர் கழுவச் சொல்லித் தருவதா? ஆனாலும் கழுவினேன். நான்காம் நாள் அந்தக் கடாயில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்தேன். கழுவவில்லை, ஊற மட்டும் வைத்தேன். அன்றைக்கு அதுவே பெரிய காரியம்.

உங்களுக்கு அதே கணக்குதான். அலாரம் அடித்ததும் கம்பெனியை நினைக்காதீர்கள். பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். அது முடிந்தால் வாசல் வரைக்கும் போய், வெளிச்சம் முகத்தில் படும்படி ஐந்து நிமிடம் நில்லுங்கள். குளிக்க முடியவில்லையா, முகம் கழுவுங்கள். பல் தேய்க்க முடியவில்லையா, வாயாவது கொப்பளியுங்கள். பாதி செய்ததும் செய்ததுதான். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அன்று செய்ததை மட்டும் எழுதி வையுங்கள். செய்யாததை எழுத வேண்டாம், அந்தக் கணக்கை மனசு தானாகவே வைத்துக்கொள்ளும்.

மதுரை, 20 வயது, மாணவி: பிரேக்கப் ஆகி ஒரு மாதம். தினமும் அழுகிறேன். எனக்கு டிப்ரஷன் என்று தோழிகள் சொல்கிறார்கள். இது வெறும் சோகமா?

பிரிந்தவருக்காக ஒரு மாதம் அழுவது இயற்கைதான் பாப்பா. சோகம் அலை அலையாக வரும். நடுவில் கேன்டீனில் யாராவது ஜோக் அடித்தால் சிரிப்பு வரும், பசிக்கும். மனச்சோர்வில் அந்த இடைவெளி இருக்காது. இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாள் முழுக்க மனசு கனத்தோ எதிலும் ருசி இல்லாமலோ கிடக்கும். கூடவே தூக்கம், பசி, கவனம், தெம்பு எல்லாம் கெடும், ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளும்.

டாக்டர்கள் பயன்படுத்தும் ‘பிஹெச்க்யூ-9’ என்ற ஒன்பது கேள்வித் தாளைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் ஒருவரைப் பார்ப்பது நல்லது. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதில் 0 தவிர வேறு எது வந்தாலும் கூட்டுத்தொகையைப் பார்க்காதீர்கள், அன்றே பேசுங்கள்.

சேலம், 41 வயது: எப்போதும் அசதியாக இருக்கிறது. எல்லோரும் ‘வாக்கிங் போ, சரியாகிவிடும்’ என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கும் என்பதற்கு நிறைய ஆய்வு இருக்கிறது. ஆனால் பாத்ரூமுக்குப் போகவே முடியாதவரிடம் ‘தினமும் ஒரு மணி நேரம் நட’ என்பது கால் உடைந்தவரை ஓடச் சொல்வது மாதிரி. பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். தனியாகப் போனால் நின்றுவிடும், கூட ஒரு ஆள் வேண்டும். நாய் இருந்தால் அதுவும் ஆள்தான். அப்புறம், எப்போதும் அசதி என்று எழுதியிருக்கிறீர்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தாலே அச்சு அசலாக மனச்சோர்வு மாதிரி இருக்கும். கோளாறு அங்கே இருந்தால் எவ்வளவு நடந்தும் பிரயோசனம் இல்லை.

கோவை, 27 வயது: குழந்தைக்கு மூன்று மாதம். அதைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நான் நல்ல அம்மா இல்லையோ? ‘பிள்ளை பெற்றவள் அழக் கூடாது’ என்கிறார் மாமியார்.

பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு நடக்கும், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். மூன்று மாதமாகியும் இருந்தால் அது பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வாக இருக்கலாம். உங்கள் பாசத்துக்கு வைத்த பரீட்சையாக இதைப் பார்க்காதீர்கள். ரத்தக்கொதிப்பு மாதிரி இதுவும் ஒரு உடல்நலப் பிரச்சினை, சரியாகும்.

முதல் மருந்து தூக்கம். ராத்திரியில் நாலு, ஐந்து மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்க வழி பண்ணுங்கள். ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டால் கணவரோ அம்மாவோ கொடுக்கலாம். ‘உதவி செய்யுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் யாரும் அசைய மாட்டார்கள். ‘ராத்திரி 10 முதல் 2 வரை பாப்பா உங்கள் பொறுப்பு’ என்று மணியோடு சொல்லுங்கள். பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு, டாக்டரிடம் பால் கொடுக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயமோ, யாரோ பேசுவதுபோன்ற குரலோ வந்தால் தனியாக இருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த வரியை மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

திருச்சி, 38 வயது: இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், நன்றாகிவிட்டது, நிறுத்தினேன். இப்போது தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி. இதற்கு அடிமையாகிவிட்டேனா?

இல்லை. அடிமை என்றால் அளவை ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும், மாத்திரையைத் தேடி மனசு அலையும். உங்களுக்கு நடந்தது திடீரென்று நிறுத்தியதன் விளைவாக இருக்கலாம். எழுதிக்கொடுத்தவரிடமே திரும்பப் போய் நடந்ததைச் சொல்லுங்கள், திட்ட மாட்டார். திட்டினால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

இந்த மாத்திரைகளில் ஒரு சங்கடம் உண்டு. குமட்டல் முதல் வாரமே வந்துவிடும், பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். அந்த இடைவெளியில்தான் நிறையப் பேர் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள். இன்னும் சிலர் உங்களைப் போல, நன்றானதும் நிறுத்துகிறார்கள். நன்றாகிவிட்ட பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்பது பொதுவான வழக்கம். அப்புறம் டாக்டர் சொல்கிற வேகத்தில் மெல்லக் குறைக்க வேண்டும்.

விழுப்புரம், 45 வயது: குவார்ட்டர் போட்டால்தான் தூக்கம் வருகிறது.

கண் மூடும், சரி. விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வருகிறதா? அதைக் கொண்டுவருவதும் அந்தக் குவார்ட்டர்தான். மறுநாள் மனசை இன்னும் கீழே இழுக்கும். தினமும் நிறையக் குடிப்பவர் என்றால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, வலிப்புகூட வரலாம். டாக்டர் துணையோடு நிறுத்துங்கள்.

சென்னை, 30 வயது: படுத்தால் பழைய விஷயங்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. பத்து வருடத்துக்கு முன் ஒருவர் சொன்ன வார்த்தைகூட. எப்படி நிறுத்துவது?

ஜிம்பாப்வேயில் ஷோனா மொழியில் மனச்சோர்வுக்கு மக்கள் சொல்லும் வார்த்தை ‘குஃபுங்கிசிசா’. அர்த்தம், அதிகமாக யோசித்தல். நம் ஊரிலும் ஓ.பி.யில் வந்து உட்காருபவர்கள் ‘டிப்ரஷன்’ என்றா சொல்கிறார்கள்? ‘ரொம்ப யோசனையா இருக்குங்க’ என்றுதான் தொடங்குவார்கள். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், சுகாதார நிலையத்து மரத்தடியில் பெஞ்சு போட்டு, பயிற்சி கொடுத்த பாட்டிகளை உட்கார வைத்தார். பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதிலிருந்து ஒரே ஒரு பிரச்சினையை எடுக்கச் சொல்வார். அதற்கு அடுத்த அடி என்ன என்று மட்டும் பேசுவார்கள்.

அந்தப் பாட்டி வேலையை நீங்களே செய்யலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நோட்டோடு கால் மணி நேரம் உட்காருங்கள், ராத்திரிக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஓடுவதை எல்லாம் எழுதுங்கள். நாளைக்கு ஏதாவது செய்ய முடிகிற விஷயமா? ஒரு வரியில் என்ன செய்வீர்கள் என்று போடுங்கள். செய்ய ஒன்றுமில்லாத பழைய வார்த்தையா? அப்படியே விட்டுவிட்டு நோட்டை மூடுங்கள். ராத்திரி அது திரும்ப வரும், கட்டாயம் வரும். ‘நாளை ஆறு மணிக்கு வா’ என்று சொல்லுங்கள். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கிறது, தெரியும். இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் வேறு இடத்தில் உட்காருங்கள். போன் வேண்டாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள்.

டொராண்டோ, 52 வயது: நவம்பர் வந்தால் விழுந்துவிடுகிறேன், ஏப்ரலில் எழுகிறேன். மூன்று வருடமாக இதே கதை. ஊரில் இருந்தபோது இப்படி இல்லை அக்கா.

வெயிலைத் திட்டியே வளர்ந்த நமக்கு இது நம்பக் கஷ்டம்தான். வெளிச்சம் குறைவதோடு சேர்ந்து வரும் பருவகால மனச்சோர்வு என்று ஒன்று உண்டு. 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்குப் பெட்டி உங்கள் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் அதன் முன் உட்கார்ந்து காபி குடியுங்கள், விளக்கை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம். கண் நோய் இருந்தாலோ, மனசு ஒரேயடியாக உயரப் பறக்கும் இருதுருவ நோய் இருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

தஞ்சாவூர், 48 வயது: என் வீட்டுக்காரருக்கு ஆறு மாதமாக இப்படி. ‘தைரியமா இருங்க, நமக்கு என்ன குறை’ என்று தினமும் சொல்கிறேன். இன்னும் சுருங்கிப் போகிறார். கோயிலுக்கும் கூட்டிப் போனேன்.

‘என்ன குறை’ என்று நீங்கள் கேட்கும்போது, குறை இல்லாமலே இப்படி இருக்கிறோமே என்று அவருக்குக் குற்ற உணர்ச்சி கூடுகிறது அம்மா. புத்தி சொல்வதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரியுங்கள், ஒரு கைப்பிடி அவர் முன்னாலும் போடுங்கள். உரித்தால் சரி, உரிக்காவிட்டாலும் சரி. ‘என்ன சாப்பிடுறீங்க?’ என்று கேட்டால் பதில் சொல்லவே அவருக்கு மூச்சு வாங்கும். ‘தோசையா, இட்லியா?’ என்று கேளுங்கள். கோயிலுக்குத் தாராளமாகப் போங்கள், எனக்கும் போனால் நிம்மதிதான். ஆனால் வேண்டுதலுக்காக மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். நீங்களும் ஆறு மாதமாகச் சுமக்கிறீர்கள், வாரத்தில் ஒரு மாலை வெளியே போய்விட்டு வாருங்கள்.

ஊர் வேண்டாம், 24 வயது: வாழ வேண்டாம் என்று தோன்றுகிறது. யாரிடமும் சொன்னதில்லை.

என்னிடம் சொன்னீர்கள், நல்லது. இப்போது நேரில் ஒருவரிடம் சொல்லுங்கள். வார்த்தை வராவிட்டால் இந்தக் கேள்வியையே அனுப்பிவிட்டு, ‘இது நான்தான், என்கூட இரு’ என்று எழுதுங்கள். இன்றிரவு தனியாகத் தூங்காதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து மாதிரி ஆபத்தான எதுவும் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் இன்றே வேறொருவர் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள். இந்த எண்ணம் ஏறி உச்சிக்குப் போய் இறங்கும். அது இறங்கும் வரை கூட ஆள் இருக்க வேண்டும். 14416, ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சென்னையில் ‘சினேகா’ 1986 முதல் இதே வேலையைச் செய்கிறது: 044-24640050. இலங்கையில் இருந்தால் 1926 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். செய்துவிடுவோம் போல இருந்தால் போனில் நேரத்தைக் கழிக்காமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். எந்த நேரமானாலும் போகலாம்.

கள்ளக்குறிச்சி, 36 வயது: தனியாரில் ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில் ஆகிறது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் ‘பைத்தியம்’ என்று முத்திரை குத்திவிடுவார்களோ?

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் ‘சைக்யாட்ரி’ என்றால் போதும், காரணம் கேட்டால் ‘தூக்கம் வரவில்லை’ என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. மாத்திரை இலவசம். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். டாக்டருக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான், அதனால் எப்போது தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி, சாவு எண்ணம் உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, இந்த நாலையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொண்டுபோய் நேராக நீட்டுங்கள். இதற்கு முன் தனியாரில் எழுதிய பழைய சீட்டையும், தீர்ந்துபோன மாத்திரை அட்டையையும் மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.