மூன்றாம் சுற்றில் திரவச் சவ்வு உடைவது குறித்து

கழிவுநீரிலிருந்து துத்தநாகம் பிரிக்கும் திரவச் சவ்வை, அதாவது கந்தக அமிலத் துளிகளை எண்ணெயில் சிதறவிட்ட பால்மத்தை, மூன்றாம் முறை பயன்படுத்தும்போது பால்மம் நிலைக்காமல் உடைவதாகவும், பிரித்தெடுப்பு குறைவதாகவும் எழுதியிருந்தீர்கள். இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே அன்று எனக் கருதுகிறேன்.

பால்மம் உடைவதில் எனது ஐயம், துளிகள் ஒன்றுசேராமல் காக்கும் ஸ்பான் 80 மீதுதான்; அது ஓர் எஸ்டர் (அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த சேர்மம்) என்பதால், துளிகளுக்குள் கந்தக அமிலம் இருக்க நீங்கள் 80 பாகை வரை சூடேற்றிப் பால்மத்தைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பகுதி நீராற்பகுப்படைந்து (நீரால் சிதைந்து) வீணாகிறது. வெப்பத்தைக் கைவிட்டு, உயர் மின்னழுத்த மாறுமின்புலத்தால் துளிகளை ஒன்றுசேர்த்துப் பாருங்கள். ஆஸ்திரியாவின் லென்சிங் விஸ்கோஸ் இழை ஆலையில் 1986இல் இயங்கத் தொடங்கிய துத்தநாக மீட்பு அமைப்பிலும் மின்முறையே பயன்பட்டது. (மின்முனையைக் கண்ணாடியால் காப்பிட்ட பிறகே மின்னழுத்தம் கொடுங்கள்.)

பிரித்தெடுப்பு குறைவதற்கு, நீங்கள் குறிப்பிட்ட கழிவுநீரின் இரும்பே காரணமாகலாம். துத்தநாகத்தைப் பற்றியெடுக்க எண்ணெயில் கலந்துள்ள டி2ஈஎச்பிஏ, மூவிணைதிற இரும்பை இறுகப் பற்றிக்கொள்ளும்; அதனால் துத்தநாகத்துக்கு இடம் குறையும். நீர்த்த கந்தக அமிலத்தால் அந்த இரும்பை எளிதில் விடுவிக்க முடியாது. எண்ணெய்ப் பகுதி மஞ்சள் நிறம் கொண்டிருந்தால், அதை 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு குலுக்கிப் பிரித்து, குளோரைடு நீங்கும்வரை நீரால் அலசி, இழந்த ஸ்பானை ஈடுசெய்த பின்னரே மீண்டும் பால்மமாக்குங்கள். எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே தேங்கும் கசடைத் திரும்பச் சேர்க்க வேண்டாம்.