டியூமர் சப்ரஸர் மரபணு, சப்ரஸர் செல்: புற்றுநோயில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா?

இல்லை. கிட்டத்தட்ட எதிரெதிர் வேலை. முன்னது கட்டி வளராமல் தடுக்கும் மரபணு, அது கெட்டால் ஆபத்து. பின்னது நோய் எதிர்ப்புப் படையை அடக்கும் செல், அது கட்டிக்குள் பெருகினால் பெரும்பாலும் ஆபத்து.

குழந்தைகளின் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயைப் பாருங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரியும். பல வீடுகளில் அப்படித்தான் முதல் சந்தேகமே வருகிறது. 1971-இல் ஆல்ஃபிரட் நுட்சன் 48 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, இந்த நோய் வர இரண்டு அடி விழ வேண்டும் என்றார். ஆர்பி1 என்ற டியூமர் சப்ரஸர் மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாவதுதான் அந்த இரண்டு அடி என்று பிறகு தெரிந்தது. ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாக வந்த குழந்தைக்கு மற்றொன்று கெட்டாலே போதும். அதனால்தான் அவர்களுக்குச் சீக்கிரமாக, பெரும்பாலும் இரு கண்களிலும் வருகிறது.

ஆர்பி1 செல் பிரிவதற்கு பிரேக். பி53 என்ற இன்னொரு டியூமர் சப்ரஸர் மரபணு அதைவிடக் கறார்: டிஎன்ஏ சேதமானால் பிரிவதை நிறுத்தும், செல் தேறாது என்றால் சாகவே வைத்துவிடும். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இது கெட்டிருக்கிறது.

அப்புறம் சப்ரஸர் செல்கள். ரெகுலேட்டரி டி செல்கள், நோய் எதிர்ப்புப் படை நம் உடம்பையே தாக்காமல் அடக்கி வைப்பவை. இதைக் கண்டறிந்ததற்காகத்தான் ஷிமோன் சகாகுச்சி உள்ளிட்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2025 மருத்துவ நோபல். கட்டி இவற்றைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். புற்றுசெல்லைக் கொல்ல வரும் டி செல்கள் அங்கே அடங்கிப்போகும்.

சரி, இவற்றை ஒழித்துவிடலாமே? அப்படிச் செய்தால் படை நம் குடல், தோல், தைராய்டு மீதே பாயும். அந்த அடக்குமுறையைத் தளர்த்தும் இபிலிமுமாப் என்ற புற்றுநோய் மருந்தில் குடல் அழற்சி வருவது அதனால்தான்.