கை நடுங்கியது நச்சு வெளியேறியதால் அல்ல

சகோதரி, கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று ஒரு பொடியை வாங்கிக் குடிக்க ஆரம்பித்த பிறகு வந்த தொல்லைகளைப் பற்றிக் கேட்ட உங்கள் கடிதத்தில், நாக்கில் வெள்ளை படிவதற்கும் முடி கொட்டுவதற்கும் நடுவில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான்காம் நாள் காலை பத்து மணி வாக்கில் பினாங்கு ஆயர் ஈத்தாம் சந்தையில் நிற்கும்போது கை நடுங்கியது, முதுகெல்லாம் வேர்த்து நனைந்தது, மீன்காரர் சொன்ன விலை இரண்டு முறை கேட்டும் மண்டையில் ஏறவில்லை என்று. பொடி விற்றவரை வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு 'நச்சு வெளியேறுகிறது, நிறுத்தாதீர்கள்' என்றாராம். அந்த வரியைப் படித்ததும் மற்ற கேள்விகளெல்லாம் அப்புறம் என்றாகிவிட்டது எனக்கு.

அது உங்கள் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதற்கான அடையாளம். 54 வயது, இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) காலையில் கிளிக்ளாசைட் மாத்திரை, கூடவே மெட்ஃபார்மின். தீபாவளிப் பலகாரம் சாப்பிட்டதற்கு ஈடுகட்ட 14 நாள் 'கல்லீரல் சுத்திகரிப்பு' என்று ஆரம்பித்து, காலையில் பொடி கலந்த கீரைச் சாறு மட்டும் குடித்துவிட்டு மதியம் இரண்டு மணி வரை பட்டினி. மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறீர்கள். கிளிக்ளாசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும்; நீங்கள் பசியாறினீர்களா இல்லையா என்று அது பார்க்காது. சாப்பாடு உள்ளே போகாத நாளில் சர்க்கரை 4க்குக் கீழே (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) போய்விடும், முதலில் நடுக்கம், வேர்வை, படபடப்பு, அப்புறம் பேச்சுக் குழறல், மயக்கம், வலிப்பு.

ஜெலுத்தோங்கில் இருந்து ஒரு பெரியவரை மகள் என்னிடம் அழைத்து வந்தார், இதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு தைப்பூச விரதத்தில் இருந்தவர், சட்டைக் காலர் பிழியும் அளவுக்கு ஈரம், மகளின் பெயரையே மாற்றிச் சொன்னார். விரலில் குத்திப் பார்த்தால் 2.3. குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார், வீட்டுக்குப் போகிறோம் என்றார்கள். நான் விடவில்லை, மருத்துவமனைக்கு அனுப்பினேன், சாயங்காலம் மறுபடி இறங்கியது. இந்த மாத்திரை உடம்பில் மணிக்கணக்காகத் தங்கும், சிறுநீரகம் கொஞ்சம் சோர்ந்தவர்களுக்கு இன்னும் அதிக நேரம். ஒருமுறை தெளிந்தால் ஆபத்து முடிந்தது என்று நினைக்கவே கூடாது.

அதனால் பொடியை இன்றே நிறுத்துங்கள். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மறுபடி நடுங்கினால் அரைக் கிளாஸ் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி கலந்து உடனே குடியுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையைச் சோதித்து, இன்னும் 4க்குக் கீழே இருந்தால் திரும்பவும் அதையே செய்யுங்கள், ஏறியதும் சாப்பாடு. மயங்கிவிட்டால் வீட்டில் யாரும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸுக்கு 999ஐ அழைக்க வேண்டும். இதை உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

மற்றவற்றுக்கு வருகிறேன். வெள்ளை நாக்கும் வாய் நாற்றமும் பட்டினியால் வருவது. மூன்றாம் நாள் தலைவலி, தினம் மூன்று கிளாஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் ஒரேயடியாக விட்டதால். பச்சையாக மலம் போவது கீரையால். மூன்று கிலோ குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர்தான், சோறு சாப்பிட்டதும் திரும்பி வரும். முடியைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம்.

ஆனால் நீங்கள் உண்மையில் பயப்படுவது இவற்றுக்கெல்லாம் இல்லை. கடைசிப் பத்தியில்தான் அது வருகிறது. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்திருக்கிறது, உங்கள் அண்ணன் வயிறு வீங்கி இறந்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பயத்தைத்தான் அந்த விற்பனைக்காரர் காசாக்கியிருக்கிறார், எனக்குக் கோபம் அவர் மேல்தான். கல்லீரலைக் கழுவ எந்தப் பொடியும் கிடையாது, கழிவை அகற்றுவதே அதன் வேலை. கொழுப்பு படிந்த கல்லீரல் எல்லாமே அண்ணனுடையது மாதிரி ஆவதில்லை, இருபது வருடம் குடித்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் இனிப்புநீரும் கல்லீரல் கொழுப்பும் சேர்ந்தால் கல்லீரலில் தழும்பு விழுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். உங்கள் வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரண்டு கல்லீரல் என்சைம்கள், பிளேட்லெட் எண்ணிக்கை, இந்த நான்கையும் வைத்துத் தழும்பைக் கணிக்க ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனையே போதும். அதைக் கேளுங்கள்.

கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும் என்று நிரூபணமானது எடை குறைப்பது. 5 சதவீதம் குறைந்தாலே கொழுப்பு இறங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கல்லீரலின் அழற்சியும் தணியும். உங்கள் 78 கிலோவுக்கு ஆறேழு கிலோ, அதுவும் ஆறு மாதத்தில் நிதானமாக. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும். சுகாதார அமைச்சு மலாயில் சொல்லும் அதே 'சுக்கு சுக்கு செப்பாரோ' (கால், கால், பாதி) தான். பாலும் சீனியும் கலந்த தே தாரிக்குக்குப் பதில், இரண்டும் இல்லாத தே ஓ கொசோங். நீங்கள் விட்ட காப்பியை சீனியில்லாமல் திரும்பக் குடிக்கலாம், கல்லீரலுக்கு அது நல்லது. தண்ணீர்மலைப் பக்கம் தினம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள், சாப்பிட்டுவிட்டு.

எடை குறையக் குறைய கிளிக்ளாசைட் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், அதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும், நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். சிறுநீரகப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அந்தப் பொடி டப்பாவில், பதிவான மருந்துகளுக்கு இருக்கும், மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இல்லை என்கிறீர்கள். மெலிய வைக்கும் பொருள்களில் சிபுட்ரமின் கலந்திருப்பதை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் பல நாடுகளில் விலக்கப்பட்ட மருந்து அது. டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். நாளைக் காலை பசியாறிவிட்டு, மாத்திரைப் பையோடு அதையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய், சந்தையில் நடந்ததை முதலில் சொல்லுங்கள்.