ஆந்தை பொம்மையை விடாதீர்கள் டீச்சர்

மன்னார்குடிப் பக்கத்துப் பால்வாடியில் ஆந்தை பொம்மை செய்யச் சொன்னதும் 'அபசகுனம்' என்று பாட்டிமார் தடுத்ததாக எழுதியிருந்தீர்கள். முதலில் பிள்ளைகளை வயலோரம் கூட்டிப்போய், தலைகீழாக நட்டிருக்கும் தென்னை மட்டையைக் காட்டுங்கள். ராத்திரியில் கூகை, அதாவது ஒரு வகை ஆந்தை, அதில் உட்கார்ந்துதான் எலி பிடிக்கிறது. பாட்டிகளுக்கே தெரிந்த சங்கதி இது. அவர்களையே கதை சொல்லச் சொல்லுங்கள், சண்டை தீரும்.

அப்புறம் இரண்டு பேப்பர் கப். ஒன்றைக் கவிழ்த்தால் உடம்பு. இன்னொன்றின் வாய்ப்பக்கத்தை நீங்களே பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டு மேலே கவிழ்த்தால் தலை. பிள்ளைகள் அதில் கண் வரைந்து தலையைச் சுற்றட்டும். ஆந்தைக்குக் கண் உருளாது, கழுத்துதான் 270 டிகிரி வரை திரும்பும். நாலு வயசுக்கு 'முக்கால் வட்டம்' போதும். ஜிகினா மட்டும் வேண்டாம், தரையை விட்டுப் போகாது.